நிறம் மாறும் வளையும் கண்ணாடி: பசுமைக்குடில் விவசாயி இப்போது பணம் போடலாமா?

"சார், கண்ணாடி மாதிரி ஒரு ஷீட் வந்திருக்காம். வெயில் ஏறினா கருத்துக்குமாம், இறங்கினா வெளுத்துடுமாம். சுருட்டி எடுத்துட்டுக்கூட போகலாமாம். நம்ம பாலிஹவுஸுக்குப் போட்டா வெயில் காலத்துல பூ உதிராதுல்ல?"

தளி பக்கம் 50 சென்ட்டில் பசுமைக்குடில் அமைத்துக் குடைமிளகாய் பயிரிடும் விவசாயி ஒருவர் தொலைபேசியில் என்னிடம் கேட்டது இது. கைபேசியில் வந்த ஒரு காணொளியைப் பார்த்திருக்கிறார். அதோடு நிற்காமல், நகரத்தில் அலுவலகக் கண்ணாடிகளுக்கு ஃபிலிம் ஒட்டித் தரும் ஒரு கடையையும் விசாரித்திருக்கிறார். "பாலிஹவுஸுக்கும் போடலாம், சதுர அடி 250 ரூபாய், முதலில் ஒரு பே மட்டும் போட்டுப் பாருங்கள்" என்று கொட்டேஷன் வந்துவிட்டது. குடிலின் மேல் ஷீட் போட்டு மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. எப்படியும் மாற்ற வேண்டும். மாற்றும்போதே புதியதைப் போட்டுவிடலாமா, முன்பணம் கொடுக்கலாமா என்பதுதான் அவருடைய கேள்வி.

வேறு சில விவசாயிகளும் இதையே கேட்பதால் விரிவாகவே எழுதுகிறேன். செய்தி பொய் அல்ல. ஆராய்ச்சிக் கூடத்தில் நடந்தது, கடையில் விற்பது, நம் பயிருக்குத் தேவைப்படுவது ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதை மட்டும் பணம் கொடுக்கும் முன் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆராய்ச்சியில் நடந்தது என்ன?

மின்சாரம் கொடுத்தால் நிறம் மாறும் கண்ணாடி புதிய கண்டுபிடிப்பு அல்ல. டங்ஸ்டன் ஆக்சைடு போன்ற உலோக ஆக்சைடு பூச்சுக்குள் மிகச் சிறிய மின்னழுத்தத்தில் லித்தியம் போன்ற அயனிகள் நுழைந்தால் பூச்சு நீலமாகக் கருக்கும். அயனிகள் வெளியேறினால் தெளியும். சில பெரிய கட்டிடங்களில் இத்தகைய கண்ணாடிகள் உண்டு. போயிங் 787 விமானத்தில் சன்னல் மூடிக்குப் பதிலாக பொத்தானை அழுத்தினால் கருக்கும் கண்ணாடி இருப்பதும் இதே வகைத் தத்துவத்தில்தான்.

இதில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, கண்ணாடி கருக்கும்போது வெப்பத்தோடு வெளிச்சமும் போய்விடும். இரண்டாவது, இந்தப் பூச்சை உருவாக்கப் பொதுவாக அதிக வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைப் பிளாஸ்டிக் தாங்காது. அதனால் கெட்டியான கண்ணாடியில்தான் பூச முடிந்தது.

இரண்டு குறைகளிலும் முன்னேற்றம் கண்டவர் அமெரிக்க விஞ்ஞானி டெலியா மில்லிரன். அவருடைய குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெப்பக் கதிரையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் பூச்சைச் செய்து காட்டியது. கொடுக்கும் மின்னழுத்தத்தைப் பொறுத்து, வெளிச்சத்தை விட்டு வெப்பத்தை மட்டும் தடுக்கலாம், இரண்டையும் தடுக்கலாம், இரண்டையும் விடலாம். 2016இல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் இதே குழு நியோபியம் ஆக்சைடு பூச்சைக் குறைந்த வெப்பத்தில், வேதிக் கரைசல் முறையில், பிளாஸ்டிக் மீதே உருவாக்கியது. வளையும் ஸ்மார்ட் கண்ணாடி என்று செய்திகளில் வந்தது இதுதான். வழக்கமான உயர்வெப்ப முறையில் செய்த பூச்சைவிட நிறம் மாறும் திறன் இரு மடங்கு என்று அக்குழு தெரிவித்தது.

இதற்கு அவர்கள் சொன்ன பயன்கள் வீட்டுச் சன்னல், கார் கூரை, வளைந்த கட்டிட முகப்பு ஆகியவை. மனிதர் உட்காரும் அறைக்கு வெளிச்சம் பாதியாகக் குறைந்தாலும் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். பயிருக்கு அப்படி அல்ல. அதற்கு வெளிச்சமே உணவு.

கடையில் கிடைப்பது எது?

ஸ்மார்ட் என்ற ஒரே பெயரில் பல சரக்குகள் புழங்குகின்றன. பெயரைப் பார்த்து வாங்கினால் ஏமாற வேண்டியிருக்கும்.

மின்சாரத்தில் நிறம் மாறுவது: மேலே சொன்ன வகை. மாறும் நேரத்தில் மட்டும் மின்சாரம் போதும். மாறிய பின் பெரும்பாலும் மின்சாரம் இல்லாமலே அந்த நிலையில் நிற்கும். இது பெரும்பாலும் கட்டிடக் கண்ணாடியாகவே விற்பனையாகிறது. விலையும் மிக அதிகம்.

வெப்பத்தில் மாறுவது: வனேடியம் டை ஆக்சைடு பூச்சு இந்த வகை. சுமார் 68 டிகிரி செல்சியஸில் இது தன் இயல்பை மாற்றிக்கொண்டு வெப்பக் கதிரைத் தடுக்கத் தொடங்கும். சிறிது டங்ஸ்டன் சேர்த்தால் இந்த வெப்பநிலையைக் கீழே கொண்டுவரலாம். மின்சாரமே தேவையில்லை என்பதால் விவசாயத்துக்குக் கவர்ச்சியானது. ஆனால் எப்போது மாற வேண்டும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது.

வெளிச்சத்தில் மாறுவது: வெயிலில் போனால் கருக்கும் மூக்குக் கண்ணாடியை எல்லோரும் பார்த்திருப்போம். அதே வகை.

பால்வெள்ளையாக மாறுவது: மருத்துவமனை, அலுவலக அறைகளில் பொத்தானை அழுத்தினால் தெளிவாகவும், விட்டால் வெள்ளையாகவும் மாறுகிற ஃபிலிம். திரவப் படிகத் துளிகளைக் கொண்டது. நம் ஊர்க் கடைகளில் ஸ்மார்ட் ஃபிலிம் என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இதுதான். மறைவுக்காகச் செய்யப்பட்டது இது. வெப்பத்தைத் தடுக்கச் செய்யப்பட்டது அல்ல. வெள்ளையாக இருக்கும்போது ஒளியைச் சிதறடிக்குமே தவிர, அதில் பெரும் பகுதி உள்ளே வந்துவிடும். தெளிவாக இருக்க வேண்டிய நேரம் முழுவதும் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தளி விவசாயியை அந்தக் கொட்டேஷனைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கடைசி வகைதான். காணொளியில் அவர் பார்த்ததற்கும் கொட்டேஷனில் இருந்ததற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை எதுவும் இல்லை.

குடிலுக்குள் வெயில் என்ன செய்கிறது?

சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதிதான் ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளி. மீதியில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர். சிறு பகுதி புற ஊதாக் கதிர். அகச்சிவப்பால் ஒளிச்சேர்க்கை நடக்காது. இலைகள் அதில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பும் அல்லது ஊடுருவ விடும். ஆனால் மண், பாத்தி, இரும்புக் குழாய், ஈரம் எல்லாம் அதை வாங்கிக்கொண்டு சூடாகும். அந்தச் சூடு குடிலின் காற்றில் சேரும்.

கோடையில் காற்றோட்டம் குறைந்த குடிலுக்குள் வெளியைவிட நாலைந்து டிகிரி கூடுதலாக இருப்பது சாதாரணம். தக்காளியில் பகல் 35 டிகிரியையும் இரவு 25 டிகிரியையும் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். குடைமிளகாய் இதைவிட மென்மையானது. பகலில் 21 முதல் 25 டிகிரி இருந்தால் அதற்கு மிக நல்லது. ஓசூர், தளி, நீலகிரி பக்கம் பசுமைக்குடில்கள் நிலைத்து நிற்பதற்கும், சமவெளியில் மானியத்தில் கட்டிய குடில்கள் பல கோடையில் காலியாகக் கிடப்பதற்கும் பெரிய காரணம் இந்த வெப்பம்தான்.

ஆகவே, வெளிச்சத்தை விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் தடுக்கும் கூரை என்பது நமக்கு ஆடம்பரம் அல்ல. அது உண்மையிலேயே கிடைத்தால் சமவெளி மாவட்டங்களின் சாகுபடியே மாறும். அதனால்தான் இந்தச் செய்தியை ஒதுக்கிவிடாமல் ஆராய வேண்டியிருக்கிறது.

கத்தரிச்செடி சொன்ன பாடம்

இதைப் பயிரில் சோதித்துப் பார்த்தவர்கள் ஆஸ்திரேலியாவின் மேற்கு சிட்னி பல்கலைக்கழக விஞ்ஞானிகள். அங்குள்ள ஹாக்ஸ்பரி வளாகத்தின் நவீனக் கண்ணாடிக் குடிலில் வெப்பத்தைத் தடுக்கும் ஒரு ஃபிலிமை ஒட்டி, வணிக முறையில் இரண்டு முறை கத்தரி பயிரிட்டார்கள். முடிவுகள் 2020இல் வெளியாயின. இதை ஸ்மார்ட் கண்ணாடி என்றே அவர்கள் அழைத்தாலும், இது நிறம் மாறும் வகை அல்ல. எப்போதும் ஒரே நிலையில் இருக்கும் ஃபிலிம்.

நன்மை இருந்தது. உள்ளே வந்த மொத்தச் சூரியக் கதிர்வீச்சு பருவச் சராசரியில் 53 சதவீதம் குறைந்தது. வெப்பச் சுமை குறைந்தது. தண்ணீர், உரக் கரைசல் செலவு 18 சதவீதம் மிச்சமானது. காயின் சத்துத் தரத்திலும் குறை இல்லை.

ஆனால் ஒளிச்சேர்க்கைக்கான ஒளியும் 19 சதவீதம் குறைந்துவிட்டது. சிவப்பு ஒளியில் மட்டும் 26 சதவீதம் போனது. விளைவு, செடியில் பிஞ்சுகள் உதிர்ந்தன; மொத்தக் காய் மகசூல் 25 சதவீதம் சரிந்தது. ஒளியைக் கூடுதலாக விடும்படி ஃபிலிமை மாற்றி வடிவமைக்க வேண்டும் என்பதே அந்த ஆய்வாளர்களின் முடிவு.

இதை நம் கணக்கில் பார்ப்போம். ஒரு குடிலில் 16 டன் காய் வருகிறது, கிலோ 40 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 சதவீதம் சரிந்தால் 4 டன் குறையும். இழப்பு 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். அதே பயிரின் தண்ணீர், உரச் செலவு 1 லட்சம் என்றால் 18 சதவீத மிச்சம் 18 ஆயிரம் ரூபாய்தான். குளிர்விக்க மின்சாரக் கட்டணம் கொட்டிக் கொடுக்கும் ஆஸ்திரேலியக் கண்ணாடிக் குடிலுக்கு வெப்பச் சுமை குறைவது பெரிய சேமிப்பாகலாம். நம் இயற்கைக் காற்றோட்டக் குடில்களில் குளிரூட்டும் இயந்திரமே இல்லை; மிச்சம் பிடிக்க அந்தச் செலவும் இல்லை.

நம் ஊர் வெயிலுக்கு அந்த முடிவு பொருந்துமா?

பாதி பொருந்தும், பாதி பொருந்தாது. இந்த இடத்தைத்தான் விவசாயிகள் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கோடை நண்பகலில் வெளியே வெயில் 1 லட்சம் லக்ஸ் அளவுக்குப் போகும். நுனி இலைகள் இதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் பயன்படுத்திக்கொள்ளும். மீதி அவற்றுக்குச் சுமை. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை கொஞ்சம் ஒளியைக் குறைத்தாலும் மகசூல் பெரிதாகக் குறையாது. வெப்பம் குறைவதால் பூ தங்கும்.

அதே குடிலில் காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நிலைமை வேறு. அடி இலைகள் எப்போதும் வெளிச்சத்துக்கு ஏங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வானம் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும்போது, ஒவ்வொரு சதவீத ஒளியும் காயாக மாறக்கூடியது. அப்போது நிழல் கொடுத்தால் சிட்னியில் கத்தரிக்கு நேர்ந்ததே இங்கே குடைமிளகாய்க்கும் நேரும்.

ஆக, ஒரே நிலையில் நிற்கும் எந்த நிழலும், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், ஆண்டின் ஒரு பகுதியில் உதவி, மறு பகுதியில் கெடுக்கும். நேரத்துக்கு வந்து நேரத்துக்கு விலகும் நிழல்தான் பயிருக்குத் தேவை. நிறம் மாறும் கண்ணாடியின் உண்மையான மதிப்பு, தேவையில்லாதபோது விலகிக்கொள்ளும் அந்தக் குணத்தில் இருக்கிறது.

அந்தக் குணத்துக்குப் பணம் கொடுக்கும் முன் இன்னும் மூன்று தொழில்நுட்பச் சிக்கல்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, நிறம். டங்ஸ்டன் ஆக்சைடு பூச்சு கருக்கும்போது நீலமாகத் தெரியும். நீலமாகத் தெரிகிறது என்றால் சிவப்பு ஒளியை அது விழுங்கிவிட்டது என்று பொருள். ஒளிச்சேர்க்கைக்கு மிக நன்றாக உதவும் ஒளிகளில் ஒன்று சிவப்பு. கண்ணுக்கு இதமாக இருக்கும் நீலம் செடிக்கு இதமாக இருக்காது.

இரண்டாவது, சூடு. இத்தகைய பூச்சுகள் பெரும்பாலும் வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்புவதைவிட உறிஞ்சுவதே அதிகம். உறிஞ்சிய ஃபிலிம் தானே சூடாகி, அதில் ஒரு பகுதியைக் குடிலுக்குள்ளேயே விடும். கட்டிடங்களில் இரட்டைக் கண்ணாடி வைத்து, நடுவில் காற்று இடைவெளி விட்டு இதைச் சமாளிக்கிறார்கள். நம் குடிலுக்கோ ஒற்றை ஷீட்.

மூன்றாவது, ஆயுள். நம் குடில் கூரை படும் பாடு வேறு. தினமும் கடும் வெயில், புழுதி, காற்றில் படபடப்பு, ஆலங்கட்டி மழை, குரங்கு, மேலே கந்தகம் கலந்த மருந்தின் ஆவி. 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட்டே மூன்று நான்கு ஆண்டுகளில் களைத்துப் போகிறது. இதில் ஒரு ஓட்டை விழுந்தால் டேப் ஒட்டி ஓட்டிவிடலாம். பல அடுக்கு மின்பூச்சு கொண்ட ஃபிலிமில் ஒரு கிழிசல் என்றால் அந்தத் துண்டே வீணாகலாம்.

ரூபாய்க் கணக்கு

50 சென்ட் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர். வளைந்த கூரையின் பரப்பு மட்டும் சுமார் 2,400 சதுர மீட்டர் வரும் என்று கொள்வோம். அதாவது ஏறத்தாழ 25,800 சதுர அடி. சதுர அடிக்கு 250 ரூபாய் என்றால் கூரைக்கு மட்டும் 64 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்.

ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் 2014ஆம் ஆண்டு செலவு வரையறையில், இந்த அளவுள்ள இயற்கைக் காற்றோட்டப் பசுமைக்குடிலுக்குச் சதுர மீட்டருக்கு 890 ரூபாய் வைத்து, அதில் பாதி மானியமாகக் கணக்கிடப்பட்டது. அதன்படி முழுக் குடிலுக்கே 17 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்தான். இன்றைய இரும்பு விலையில் அது கூடும் என்றாலும், கூரை ஃபிலிமின் விலை குடிலின் விலையைப் பல மடங்கு தாண்டுவது மாறப்போவதில்லை. ஒரு பே மட்டும் என்று சொன்னாரே, 8 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளமுள்ள பேயின் கூரைக்கே ஏழே முக்கால் லட்சம் ஆகும்.

இதற்கு நேர் எதிரில் சாதாரண ஷீட்டை வையுங்கள். 200 மைக்ரான் பாலித்தீனில் ஒரு கிலோ சுமார் 5 சதுர மீட்டருக்கு மேல் மூடும். முழுக் கூரைக்கும் 450 கிலோ அளவில் போதும். கிலோ விலையை உங்கள் டீலரிடம் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். வித்தியாசம் தானாகத் தெரியும்.

இதே பலனை இன்று எப்படிப் பெறுவது?

நேரத்துக்கு வந்து விலகும் நிழல் வேண்டும், வெப்பம் உள்ளே தங்கக்கூடாது என்ற இரண்டையும் கையில் இருக்கும் பொருள்களைக் கொண்டே பெரும்பகுதி சாதிக்கலாம்.

1. நிழல்வலையை நகரும்படி அமையுங்கள். பல தோட்டங்களில் மார்ச் மாதம் கட்டிய வலை அக்டோபரிலும் அப்படியே கிடக்கிறது. கம்பி, கப்பி, கயிறு போட்டு இழுத்து மூடித் திறக்கும்படி செய்தால் அதுவே உங்கள் ஸ்மார்ட் கூரை. உள்ளே சுமார் 50,000 லக்ஸைத் தாண்டும்போது மூடுங்கள். வெயில் தாழ்ந்ததும் திறந்துவிடுங்கள். மேகமூட்டமான நாளில் மூடவே வேண்டாம்.

2. வலையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு வலை வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு உள்ளேயே விடும். குடிலுக்குள் கட்டுவதென்றால் வெள்ளை வலையோ, அலுமினியம் கலந்த வலையோ நல்லது. கூரைக்கு வெளியே, இடைவெளி விட்டுக் கட்ட வசதி இருந்தால் வெப்பம் உள்ளே வரும் முன்பே நின்றுவிடும். ஆனால் காற்றுக்குத் தாங்கும் கட்டு வேண்டும்.

3. ஷீட் மாற்றும்போது ஒளியைச் சிதறடிக்கும் வகையை வாங்குங்கள். இதில் நேர் வெயில் ஒரே இலையில் விழாமல் பரவி, அடி இலைகளுக்கும் சேரும். நெதர்லாந்தில் ஒளி சிதறடிக்கும் கண்ணாடியின் கீழ் தக்காளி மகசூல் கூடியதை வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதற்கு மின்சாரமும் தேவையில்லை, பொத்தானும் தேவையில்லை.

4. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஷீட்டைப் பயிர் பார்த்து வாங்குங்கள். சிவப்பு ரோஜாவில் இதழ் ஓரம் கருகுவது இதனால் குறையும். வெள்ளை ஈ, இலைப்பேன் நடமாட்டமும் குறையும். ஆனால் ஊதா நிறக் கத்தரியில் தோல் நிறம் வெளிறக்கூடும். தேனீயை நம்பி மகரந்தச் சேர்க்கை நடக்கும் பயிரில் அதன் வழி அறியும் திறன் பாதிக்கப்படலாம்.

5. கோடைக்கு மட்டும் வெள்ளைப் பூச்சு. நகரும் வலைக்கு வசதி இல்லாதவர்கள் இதற்கென உள்ள, கழுவினால் போகும் பூச்சைக் கூரையில் தெளிக்கலாம். மழை தொடங்கும் முன் கழுவிவிட வேண்டும். வீட்டுக்கு அடிக்கும் சுண்ணாம்பைப் பயன்படுத்த வேண்டாம். அதன் காரத்தன்மை அலுமினியப் பாகங்களை அரிக்கும். எந்தப் பூச்சானாலும் ஷீட் உத்தரவாதத்தைக் கெடுக்குமா என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். முதலில் ஒரு பட்டையில் மட்டும் தெளித்துப் பாருங்கள்.

6. காற்று வழியைத் திறந்துவிடுங்கள். முகட்டுத் திறப்பு காற்று வீசும் திசைக்கு முதுகு காட்டி இருக்க வேண்டும். பக்கவாட்டுப் பூச்சி வலையில் புழுதி அடைத்தால் காற்று நின்றுவிடும். கோடையில் அடிக்கடி தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். புதுக் குடிலுக்கு நிழலைவிட உயரமும் திறப்பும்தான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

7. ஃபாகரைக் காற்றின் ஈரம் பார்த்து இயக்குங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியின் வறண்ட ஏப்ரல் காற்றில் ஃபாகர் நன்றாகக் குளிர்விக்கும். கடலோர மாவட்டங்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் குளிர்ச்சி குறையும், நோய்தான் கூடும்.

8. ஒரு லக்ஸ் மீட்டர், ஒரு வெப்பமானி, ஒரு நோட்டு. காலை 8, நண்பகல் 12, மாலை 4 மணிக்கு உள்ளேயும் வெளியேயும் அளந்து எழுதுங்கள். வெப்பமானியை வெயில் படாமல், செடியின் நுனி உயரத்தில் தொங்கவிடுங்கள். இந்த நோட்டு இல்லாமல் எந்த ஃபிலிமின் பலனையும் உங்களால் சோதிக்க முடியாது.

எதிர்காலத்தில் எங்கே முதலில் வரும்?

இது என் கணிப்பு: பெரிய பரப்புக்கு முன்பாக, சிறிய பரப்பில் அதிக மதிப்புள்ள பொருள் இருக்கும் இடங்களில்தான் இது நுழையும். திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளைப் பதப்படுத்தும் குடில் ஓர் உதாரணம். ஆய்வகத்திலிருந்து வந்த கன்றுக்கு முதல் வாரத்தில் நிறைய நிழல் வேண்டும், பிறகு படிப்படியாக வெயில் கூட வேண்டும். இப்போது வலைகளை மாற்றி மாற்றிக் கட்டுகிறோம்; ஒரு பொத்தானில் அது முடிந்தால் ஆள் செலவு மிச்சம். ஒட்டுக்கட்டிய காய்கறி நாற்றுகளுக்கும் இது பொருந்தும். பரப்பு சிறியது என்பதால் விலையைத் தாங்கலாம்.

சாகுபடிக் குடிலுக்கு வர வேண்டுமானால், அந்தப் பொருள் சிவப்பு ஒளியை விட வேண்டும், அகச்சிவப்பைத் தடுக்க வேண்டும், விலையில் பாலித்தீனுக்குப் பக்கத்திலாவது வர வேண்டும். 2013இல் காட்டிய, வெப்பத்தை மட்டும் தடுக்கும் நிலைதான் விவசாயத்துக்குத் தேவையான பாதை. கருக்கும் வேகத்தையும் வளைந்து கொடுக்கும் அழகையும்விட நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.

அரசுத் தரப்பிலும் செய்ய வேண்டியது உண்டு. தளியில் மலர்களுக்கும், திண்டுக்கல் ரெட்டியார்சத்திரத்தில் காய்கறிகளுக்கும் இந்திய-இஸ்ரேல் கூட்டு மகத்துவ மையங்கள் இருக்கின்றன. புதிய கூரைப் பொருள்களை இப்படிப்பட்ட மையங்களில், ஒரு முழுப் பருவம், மகசூல் எடையோடு சோதித்து முடிவை வெளியிட்டால், விவசாயி தன் கடன் பணத்தில் சோதனை செய்ய வேண்டியிருக்காது. மானியமும் சதுர மீட்டர் அளவில் கட்டமைப்பைப் பார்ப்பதோடு நிற்காமல், நகரும் நிழல் திரையையும் போதிய காற்றுத் திறப்பையும் ஊக்குவிக்க வேண்டும் என்பது என் கருத்து.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. தெளிந்த நிலையிலும் கருத்த நிலையிலும் ஒளிச்சேர்க்கைக்கான ஒளி எத்தனை சதவீதம் உள்ளே வரும்? சோதனைச் சான்று உண்டா?
2. வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறதா, உறிஞ்சுகிறதா?
3. மின்சாரம் நின்றால் எந்த நிலையில் நிற்கும்?
4. திறந்தவெளிப் பயன்பாட்டுக்கு எத்தனை ஆண்டு எழுத்துப்பூர்வ உத்தரவாதம்? கந்தகம், குளோரின் உள்ள மருந்துகளுக்கு அது செல்லுமா?
5. கிழிந்தால் யார், என்ன செலவில் சரி செய்வார்கள்?
6. இந்தியாவில் எந்தப் பயிரில், முழுப் பருவம் போட்டு, எத்தனை கிலோ மகசூல் எடுத்தார்கள்?

ஆறாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தளி விவசாயி இந்தக் கேள்விகளைக் கடையில் கேட்டிருக்கிறார். "இது ஆபீஸுக்குப் போடுறது, தோட்டத்துல போட்டுப் பார்த்ததில்ல" என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டாராம். ஒளி சிதறடிக்கும் ஷீட் வாங்கி மேலே மாற்றுவது, உள்ளே வெள்ளை வலையைக் கப்பி போட்டு இழுக்கும்படி அமைப்பது என்று முடிவாகியிருக்கிறது. "காலையில திறக்கவும் மத்தியானம் மூடவும் ஒரு ஆள் வேணுமே சார்" என்று குறைபட்டுக்கொண்டார். அது உண்மையான சிரமம்தான். ஆனால் ஒரு நாளைக்குப் பத்து நிமிட வேலைக்கும் ஏழே முக்கால் லட்சம் கடனுக்கும் நடுவில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் அவருக்கு இப்போது குழப்பம் இல்லை. இந்தப் பருவத்தில் மூன்று வேளையும் அளந்து எழுத ஒரு நோட்டும் போட்டிருக்கிறார். நிறம் மாறும் ஷீட் ஒருநாள் நியாய விலையில் வந்தால், அதை எடைபோட அந்த நோட்டுதான் அவருக்கு உதவும்.